அலபாமா ஃபுட்பால் கோச்சுகள்: ஜாம்பவானுக்கு அடுத்து வந்தவர்கள்

ஹண்ட்ஸ்வில்காரன்

2024 ஜனவரி 10-ஆம் தேதி கோச் நிக் சேபன் ஓய்வு பெற்றதிலிருந்து அலபாமா யூனிவர்சிட்டியின் அமெரிக்க ஃபுட்பால் டீம் ரசிகர்கள் கூடுகிற இடமெல்லாம் ஒரே வாக்குவாதம்தான்: பிரையன்ட் பெரியவரா, சேபன் பெரியவரா? 1958 முதல் 1982 வரை கோச்சாக இருந்த பிரையன்ட்டுக்கு 25 சீசனில் ஆறு தேசியப் பட்டம். சேபனுக்கு 17 சீசனில் ஆறு, அதற்கு முன்னால் லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் ஒன்று. யாரைச் சொன்னாலும் நியாயம் இருக்கிறது. அதனால் அந்தச் சண்டை ஓயப் போவதில்லை.

நான் பேச வந்தது ஃபிராங்க் தாமஸைப் பற்றி. 1892-இல் டீம் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, ஒரு மாபெரும் கோச் எழுந்துபோன நாற்காலியில் நேரடியாக உட்கார்ந்து, அவர் அளவுக்கே ஜெயித்துக் காட்டியவர் இவர் ஒருவர்தான். பிரையன்ட்டுக்கு அடுத்து வந்தவரால் அது முடியவில்லை. சேபனுக்கு அடுத்து வந்த கேலன் டிபோருக்கு 2024-தான் முதல் சீசன்.

தாமஸுக்கு முன்னால் இருந்தவர் வாலஸ் வேட். 1923-இல் வந்து எட்டு சீசன், 61 வெற்றி, 13 தோல்வி, 3 சமன். சீசன் முடிந்ததும் சிறந்த டீம்களை அழைத்து நடத்தும் ரோஸ் பௌல் ஆட்டத்துக்குத் தென் மாநிலத்து டீம் ஒன்று முதன்முதலாகப் போனது இவர் காலத்தில்தான். 1926 புத்தாண்டு அன்று பாசடீனாவில் வாஷிங்டனோடு ஆட்டம். பாதி ஆட்டத்தில் 12-0 என்று பின்தங்கல். இடைவேளையில் வேட் நீளமாகப் பேசவில்லை, தெற்கத்திப் பையன்கள் சண்டைக்காரர்கள் என்று எனக்குச் சொன்னார்களே என்று ஒரு வரி மட்டும் சொன்னதாகச் சொல்வார்கள். மூன்றாவது குவார்ட்டரில் மட்டும் 20 புள்ளி. கடைசியில் 20-19. உள்நாட்டுப் போரில் தோற்று, ஏழ்மையில் கிடந்த தெற்கு முழுவதும் அதைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது.

அப்படிப்பட்ட வேட் 1928, 1929 இரண்டு சீசனிலும் தலா மூன்று ஆட்டம் தோற்றதும் ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தது. மனிதர் 1930 ஏப்ரலிலேயே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டார்: இந்த சீசன் முடிந்ததும் ட்யூக்குக்குப் போகிறேன் என்று. போகிறபோது தனக்குப் பதில் யாரை எடுக்கலாம் என்றும் அவரே சொன்னார். ஜார்ஜியாவில் உதவி கோச்சாக இருக்கும் ஃபிராங்க் தாமஸ். அப்புறம் அந்தக் கடைசி சீசனில் பத்துக்குப் பத்து ஜெயித்து, ரோஸ் பௌலில் வாஷிங்டன் ஸ்டேட்டை 24-0 என்று அடித்துவிட்டுக் கிளம்பினார். அந்த ஆட்டத்தை அவர் இரண்டாம் வரிசை ஆட்களை வைத்துத் தொடங்கினார்!

இப்போது தாமஸின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வேலைக்கு ஒப்புக்கொண்ட நாளில் யூனிவர்சிட்டி தலைவர் ஜார்ஜ் டென்னி அவரிடம் சொன்னது இதுதான்: வெற்றியில் ஆட்டக்காரர்களின் பங்கு 90 சதம், கோச்சின் பங்கு 10 சதம். அந்தத் தொண்ணூறை நாங்கள் தருகிறோம். மீதிப் பத்துக்கு உங்களிடம் கறாராகக் கணக்குக் கேட்போம். வாழ்த்து கிடையாது, ஒன்றும் கிடையாது. இவ்வளவு கடுமையான பேச்சை நான் கேட்டதே இல்லை என்று தாமஸ் வெளியே வந்து கூட இருந்த பத்திரிகைக்காரரிடம் சொன்னாராம்.

முதல் சீசன் 9-1, அதாவது ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி. 1933-இல் தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்இசி லீக் தொடங்கியதும் அதன் முதல் பட்டம். 1934-இல் பத்துக்குப் பத்து, ரோஸ் பௌலில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 29-13. மொத்தம் 15 சீசன், 115 வெற்றி, 24 தோல்வி, 7 சமன். தோல்வி மிகுந்த சீசன் ஒன்றுகூட இல்லை. என் கட்சி இதுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

கணக்குப்பிள்ளை

மறுக்க வரவில்லை அண்ணே, ஆனால் தாமஸ் கணக்கில் 1941-ஐச் சேர்க்காமல் விட்டதற்கு நன்றி. யூனிவர்சிட்டி சொல்லிக்கொள்ளும் 18 தேசியப் பட்டங்களில் அதுவும் ஒன்று. அந்த வருடம் டீம் 9-2. ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் 20-ஆவது இடம். தன் லீக்கைக்கூட ஜெயிக்கவில்லை. யாரோ ஒருவருடைய கணித முறையில் முதலிடம் வந்ததை வைத்து, 1980-களில் பட்டியலை நீட்டியபோது உள்ளே நுழைத்தார்கள். பிரையன்ட்டுக்கு முந்தைய ஐந்து பட்டங்கள் (1925, 26, 30, 34, 41) மொத்தமாக அப்போது சேர்ந்தவைதான். முதல் நான்கும் தகுதியானவை. ஐந்தாவது தாமஸுக்கே அவமரியாதை. அவருக்கு அந்த ஒட்டு வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை, 1966-இல் பிரையன்ட் டீம் 11-0. ஒரு தோல்வி இல்லை, ஒரு சமன் இல்லை. ஆனால் வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். அதைப் பட்டம் என்று யூனிவர்சிட்டி சொல்லிக்கொள்வதில்லை. 9-2 பட்டமாம், 11-0 இல்லையாம்.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். பர்மிங்ஹாம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை காலை எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள், எனக்கு ஒன்றும் புரிவதில்லை. ஒரு கல்லூரி கோச்சுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஆடுவது மாணவர்கள்தானே? தாமஸுக்கும் பிரையன்ட்டுக்கும் நடுவில் யார் இருந்தார்கள்?

ஹண்ட்ஸ்வில்காரன்

வாங்க. முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவன் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவான். கோச்தான் நிலையாக இருக்கிறவர். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடப் பையன்களைப் பார்த்து, அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசி, ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்து வருவதே அவர்தான். எந்த ஆட்டமுறை, யார் உதவி கோச், யார் களத்தில், யார் பெஞ்சில் எல்லாம் அவர் கையில். தவிர, நாட்டின் பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் இந்த மாநிலத்துக்கு டீமே கிடையாது. இருக்கிற பாசம் அத்தனையும் அலபாமா யூனிவர்சிட்டி இருக்கும் டஸ்கலூசாவுக்கும் அதன் எதிரியான ஆபர்ன் யூனிவர்சிட்டிக்கும்தான் போகிறது.

இரண்டாவது கேள்விக்குக் கணக்குப்பிள்ளைதான் சரியான ஆள்.

கணக்குப்பிள்ளை

தாமஸுக்கு ரத்த அழுத்தம் முற்றிப்போய் 1946-இல் நிற்கக்கூட முடியவில்லை. பயிற்சி மைதானத்தில் ஒரு டிரெய்லர் வண்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் உத்தரவு கொடுத்தார். அதோடு விலகினார், 1954-இல் இறந்தார்.

அடுத்து ரெட் ட்ரூ, 1947 முதல் 1954 வரை. தாமஸிடம் உதவியாளராக இருந்தவர், நல்ல கோச். 54 வெற்றி, 28 தோல்வி, 7 சமன். 1953 ஆரஞ்ச் பௌலில் சிரக்யூஸை 61-6 என்று அடித்த ஆட்டம் இவருடையது. ஆனால் மக்கள் நினைவில் நிற்பது அடுத்த வருடக் காட்டன் பௌல். ரைஸ் டீமின் டிக்கி மேகில் பந்தோடு எல்லைக் கோட்டை நோக்கி ஓடுகிறார், முன்னால் யாரும் இல்லை. அலபாமா பெஞ்சில் ஹெல்மெட்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்த டாமி லூயிஸ் பாய்ந்து வந்து அவரைத் தள்ளிவிட்டார்! நடுவர்கள் டச்டவுன் கொடுத்துவிட்டார்கள். நல்ல கோச் ஒருவரின் எட்டு வருட உழைப்பை இந்த ஒரு காட்சி மறைத்துவிட்டது.

அதற்கு அடுத்து வந்தவர் விட்வொர்த். 1955 முதல் 1957 வரை. நான்கு வெற்றி, 24 தோல்வி, 2 சமன். அதில் முதல் சீசன் 0-10. அந்த 0-10 டீமில் கடைசி வருட மாணவராக இருந்த ஒரு குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) அவர் பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்திருந்தார். பெயர் பார்ட் ஸ்டார். பின்னால் கிரீன் பே தொழில்முறை டீமுக்குப் போய், தொழில்முறை இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் முதல் இரண்டையும் ஜெயித்த அதே பார்ட் ஸ்டார். தொழில்முறை டீம்கள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் 17-ஆவது சுற்று, 200-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். கல்லூரியில் ஆடவிட்டால்தானே யாராவது பார்ப்பார்கள்?

செம்பருத்தி

1958-இல் பிரையன்ட் வந்தார், அம்மா கூப்பிட்டாள், வந்தேன் என்றார், டெக்சஸ் ஏ அண்ட் எம்மை விட்டுவிட்டுத் தான் படித்த கல்லூரிக்குத் திரும்பினார், நான்காவது வருடமே பட்டம். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் வேறொன்று கேட்கிறேன். 1963 ஜூனில் ஆளுநர் வாலஸ் கறுப்பின மாணவர்களைத் தடுக்க யூனிவர்சிட்டி வாசலில் நின்றார். ஆனால் பிரையன்ட்டின் டீமில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் களம் இறங்கியது 1971-இல். எட்டு வருடம். இத்தனைக்கும் மாநிலத்தில் அவர் சொன்னால் ஆளுநரைவிட எடுபடும்.

1970-இல் பர்மிங்ஹாம் லீஜன் ஃபீல்டில் யூஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) வந்து கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாமை வைத்து 42-21 என்று அடித்ததும் அலபாமா மனம் மாறியது என்று ஒரு கதை உலவுகிறது. அந்த ஆட்டத்துக்கு முன்பே கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தாயிற்று. அதற்கும் முன்னால், 1969-இல், கறுப்பின மாணவர் சங்கம் இதற்காக ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. வழக்குப் போட்ட மாணவர்களை விட்டுவிட்டு ஒரு ஆட்டத்துக்குப் பெருமையைக் கொடுப்பது சரியில்லை.

ஹண்ட்ஸ்வில்காரன்

அக்கா, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தாமதம்தான். ஆனால் தொடங்கியதும் வேகமாகப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். யூஎஸ்சி கோச் ஜான் மெக்கே பேச்சுவாக்கில், உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இங்கே வரப்போகிறான் என்று ஜான் மிட்செலைப் பற்றிச் சொன்னார். பிரையன்ட் உடனே போனை எடுத்து ஊருக்குப் பேசி அவரை இழுத்துக்கொண்டார். மொபீல் ஊர்ப் பையன். 1971-இல் அலபாமாவுக்காகக் களம் இறங்கிய முதல் கறுப்பின வீரர் அவர். 1973-இல் அங்கேயே உதவி கோச்சும் ஆனார்.

பிரையன்ட்டிடம் நான் வியப்பது இந்த மாற்றிக்கொள்ளும் குணத்தைத்தான். 1969-இல் 6-5, 1970-இல் 6-5-1. ஆள் முடிந்துவிட்டார் என்றே பேசினார்கள். 1971 கோடையில் டெக்சஸ் கோச் டாரல் ராயலிடம் பந்தை ஏந்தி ஓடுவதையே பெரிதும் நம்பும் விஷ்போன் ஆட்டமுறையைக் கற்றுக்கொண்டு, வெளியே தெரியாமல் பழக்கி, லாஸ் ஏஞ்சலிஸில் யூஎஸ்சியை 17-10 என்று ஜெயித்துக் காட்டினார். அதற்குப் பின் மூன்று பட்டம். 57 வயதுக்காரர் தான் அதுவரை ஆடிய முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது லேசுப்பட்ட காரியமா?

செம்பருத்தி

வேகமாகப் போனார் என்பதை ஏற்கிறேன் தம்பி. ஆனால் தலைமை கோச் பதவி? 2003-ஐ எடுத்துக்கொள். சில்வெஸ்டர் க்ரூம் பிரையன்ட்டிடம் சென்டராக ஆடியவர், 1974-இல் ஆல் அமெரிக்கன். பத்து வருடம் அலபாமாவிலேயே உதவி கோச், அப்புறம் தொழில்முறை டீம்களில் பல வருடம். அவரையும் நேர்காணல் செய்துவிட்டு, 37 வயது மைக் ஷூலாவுக்கு வேலையைக் கொடுத்தார்கள். அதே வருட இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் க்ரூமை எடுத்தது. எஸ்இசி வரலாற்றில் முதல் கறுப்பினத் தலைமை ஃபுட்பால் கோச் அவர்.

2006-இல் க்ரூமின் டீம் டஸ்கலூசாவுக்கே வந்து ஷூலாவை 24-16 என்று தோற்கடித்தது. அந்த மாதமே ஷூலா வேலை இழந்தார். அடுத்த வருடம் சேபன் வந்தார், அவரையும் க்ரூம் 17-12 என்று ஜெயித்தார். கோச்சுகளின் பட்டியல் போடும்போது, அந்தப் பட்டியலில் வந்திருக்க வேண்டியவர் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

ஆபர்ன்பக்கம்

எதிர்க் கட்சி வந்துவிட்டேன். தாமஸ் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒன்று கவனியுங்கள். 1907-க்கு அப்புறம் 1948 வரை அலபாமாவும் ஆபர்னும் ஆடவே இல்லை. தாமஸ் எங்களை ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. ஆபர்னிடம் தோற்று அடுத்த நாள் வேலைக்குப் போகிற அனுபவம் அவருக்கு இல்லை. அலபாமா கோச்சை ஊர் அளப்பது அந்த ஒரு ஆட்டத்தில்தான்.

பில் கரியை நினைத்துப் பாருங்கள். 1987 முதல் 1989 வரை. 26 வெற்றி, 10 தோல்வி. கடைசி சீசனில் முதல் பத்து ஆட்டமும் வெற்றி, எஸ்இசி பட்டத்தில் பங்கு. பண்பான மனிதர், படிப்பில் அக்கறை உள்ளவர். ஆனால் ஜார்ஜியா டெக் ஆள், பிரையன்ட் வளர்த்த பிள்ளை இல்லை. 1988-இல் ஓல் மிஸ்ஸிடம் (மிசிசிப்பி யூனிவர்சிட்டி) தோற்றதும் அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. 1989 டிசம்பர் 2, எங்கள் ஊர் மைதானத்துக்கு அலபாமா வந்த முதல் ஆட்டம். நாங்கள் 30-20. ஆபர்னிடம் மூன்று வருடம், மூன்று தோல்வி. அவர் கென்டக்கிக்குப் போய்விட்டார். பத்து ஆட்டம் ஜெயித்த கோச்சை அப்படி வழியனுப்பிய ஊர் அது. ஆபர்ன்காரனான எனக்கே அன்று வருத்தமாக இருந்தது.

ஹண்ட்ஸ்வில்காரன்

கரிக்கு நடந்தது அநியாயம். அதைச் சொல்ல ஆபர்ன்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆபர்னோடு ஆடாததால் தாமஸ் சுகமாக இருந்தார் என்பதை ஒப்ப மாட்டேன். அவருக்கு டென்னசி இருந்தது, ராபர்ட் நேலண்ட் அங்கே கோச். 1931-இல் தாமஸின் ஒரே தோல்வி 25-0, அவரிடம்தான். அன்றைக்கு அந்த ஆட்டம்தான் ஊரின் தராசு.

இப்போது ரே பெர்கின்ஸ். தாமஸுக்கு அடுத்து நான் பேச விரும்பியது, பிரையன்ட்டுக்கு அடுத்து வந்த இவரைப் பற்றித்தான். 1982 டிசம்பர் 15-ஆம் தேதி பிரையன்ட் விலகல் அறிவிப்பு. டிசம்பர் 29-இல் லிபர்ட்டி பௌலில் இல்லினாய்ஸை 21-15 என்று ஜெயித்து, மொத்தம் 323 வெற்றியோடு முடித்தார். 1983 ஜனவரி 26-இல் இறந்தே போனார். நான்கே வாரம். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் எல்ம்வுட் மயானம் வரைக்கும் நெடுஞ்சாலை ஓரத்திலும் பாலங்களிலும் ஜனங்கள் நின்றார்கள், லாரி ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றார்கள்.

பெர்கின்ஸ் தொழில்முறை டீமான நியூயார்க் ஜயன்ட்ஸின் தலைமை கோச் வேலையை உதறிவிட்டு இதற்கு வந்தவர். ஊர் துக்கத்தில் இருக்கும்போது மூன்று காரியம் செய்தார். விஷ்போனை நிறுத்தினார். பிரையன்ட்டின் உதவியாளர்கள் பலரை மாற்றினார். பிரையன்ட் ஏறி நின்று பயிற்சியைப் பார்ப்பாரே அந்தக் கோபுரம், அதை மைதானத்திலிருந்து அகற்றினார். ஆட்ட ரீதியாக விஷ்போனை விட்டது சரியான முடிவு. ஆனால் கோபுரத்தில் கை வைத்ததை ஊர் மன்னிக்கவில்லை. 1984-இல் 5-6 என்று முடிந்தது, 1957-க்குப் பின் தோல்வி மிகுந்த முதல் சீசன். ஒருவிதத்தில், பெரிய வித்வான் பாடி முடித்து ஜனம் எழும்பிக்கொண்டிருக்கும் மேடையில் அடுத்து உட்காருகிறவரின் நிலைமை. நான்கு வருடம், 32 வெற்றி, 15 தோல்வி, ஒரு சமன். வேறு கல்லூரியில் இதற்கு மாலை போட்டிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

பெர்கின்ஸ் விட்டுவந்த ஜயன்ட்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர் பில் பார்செல்ஸ். இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தார்.

டெக்சஸ்மாமா

ஸ்டாலிங்ஸ் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! நான் இருப்பது டெக்சஸ் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் பக்கம், அவரை இரண்டு ஊரும் சொந்தம் கொண்டாடும்.

1954-இல் பிரையன்ட் ஏ அண்ட் எம் பையன்களை ஜங்ஷன் என்ற ஊருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், வறட்சியும் வெயிலும் கொளுத்துகிற இடத்தில் பத்து நாள் வதைத்தார். குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. பாதிப் பேருக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனார்கள். இதை வீரக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைக்கு அப்படிச் செய்தால் ஜெயில். அந்தப் பத்து நாளில் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர் ஜீன் ஸ்டாலிங்ஸ். பின்னால் அலபாமாவில் பிரையன்ட்டுக்கே உதவியாளர். அப்புறம் ஏ அண்ட் எம் தலைமை கோச். 1968 புத்தாண்டு காட்டன் பௌலில் குருவும் சீடனும் எதிரெதிர். சீடன் 20, குரு 16. ஆட்டம் முடிந்ததும் பிரையன்ட் ஓடி வந்து ஸ்டாலிங்ஸை அப்படியே தூக்கிக்கொண்டார். அந்தப் போட்டோ இங்கே இன்னும் கடைகளில் தொங்குகிறது.

1990-இல் அலபாமா அவரை அழைத்தது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. கரியைத் துரத்திவிட்டு இவரையா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். 1992-இல் 13-0. சுகர் பௌலில் 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த மயாமியை 34-13 என்று அடித்தார்கள். மயாமியின் லாமர் தாமஸ் பந்தோடு டச்டவுனுக்கு ஓடுகிறார், ஜார்ஜ் டீக் பின்னாலேயே துரத்தி வந்து, ஓடுகிற ஓட்டத்திலேயே அவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். அலபாமா மேல் ஆஃப்சைடு தவறு இருந்ததால் அந்த ஆட்டத்துண்டு கணக்கில் சேரவில்லை. ஆனாலும் டச்டவுன் போனது போனதுதான்.

அவர் மகன் ஜானிக்கு டவுன் சிண்ட்ரோம். கோச் எங்கே போனாலும் ஜானியும் கூடவே. பயிற்சிக்கும் வருவான், டீம் பையன்கள் எல்லோருக்கும் செல்லம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். மாநிலமே பார்க்கிற இடத்தில் மகனைப் பக்கத்தில் நிறுத்தினார். பட்டத்தைவிட அது பெரிது என்பது என் எண்ணம்.

கணக்குப்பிள்ளை

மாமா சொன்னதோடு ஒன்று. 1992 டிசம்பரில் எஸ்இசியின் முதல் இறுதி ஆட்டம். ஃப்ளோரிடாவோடு 21-21 என்று நிற்கும்போது எதிராளி எறிந்த பந்தைப் பிடித்து ஓடி டச்டவுன் போட்டு, 28-21 என்று ஜெயிக்க வைத்தவர் அன்டோனியோ லாங்ஹாம். அவர் இல்லாவிட்டால் அந்தப் பட்டமே இல்லை. அவரே பிறகு ஒரு ஏஜென்ட்டோடு கையெழுத்துப் போட்டுவிட்டு 1993-இல் ஆடியதால், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 1995-இல் எட்டு வெற்றியையும் ஒரு சமனையும் ரத்து செய்தது. ஸ்காலர்ஷிப்புகளும் குறைந்தன. ஸ்டாலிங்ஸ் 1996-ஓடு விலகினார்.

அதற்கு அப்புறம் பத்து வருடம் இருட்டு. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மைக் டுபோஸ்: 1999-இல் எஸ்இசி பட்டம், 2000-இல் நாட்டின் மூன்றாவது டீம் என்ற மதிப்பீட்டோடு தொடங்கி 3-8. ஃபிரான்கியோன்: 2002-இல் என்சிஏஏ போட்ட தண்டனை, இரண்டு வருட பௌல் தடை, 21 ஸ்காலர்ஷிப் குறைப்பு. அதற்கு நடுவிலும் 10-3 எடுத்துவிட்டு, ஏ அண்ட் எம்முக்குப் போய்விட்டார், பையன்களின் முகத்தைப் பார்த்து விடைபெறக்கூட வரவில்லை. மைக் ப்ரைஸ்: ஒரு ஆட்டம்கூட நடத்தாமல் 2003 மே மாதத்தில் நீக்கம். ஷூலா: 26-23, ஆபர்னிடம் நான்கு முறை ஆடி நான்கும் தோல்வி.

ஆபர்ன்பக்கம்

அந்த நான்கும் எனக்கு மனப்பாடம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பெர்கின்ஸ் பிரையன்ட்டின் ஆட்டக்காரர். ஸ்டாலிங்ஸ் பிரையன்ட்டின் ஆள். டுபோஸ் பிரையன்ட்டிடம் ஆடியவர். ஷூலா பெர்கின்ஸிடம் ஆடியவர், பேரன் முறை. வம்சத்துக்குள்ளேயே ஆள் தேடினார்கள், வெளி ஆளாக வந்த கரிக்குக் கல்லெறி. முழுக்க வெளி ஆளான சேபனை எடுத்த பிறகுதான் மீண்டார்கள். ஹண்ட்ஸ்வில்காரரே, உங்கள் தாமஸும் வெளி ஆள்தானே? நோட்டர் டேமில் கோச் ராக்னியிடம் ஆடியவர், ஜார்ஜ் கிப்பின் அறைத்தோழர். அலபாமாவோடு எந்த ஒட்டும் இல்லாதவர். பாடம் அதில்தான் இருக்கிறது என்பேன்.

ஹண்ட்ஸ்வில்காரன்

நல்ல கேள்வி. வெளி ஆள் என்பது உண்மை. ஆனால் அந்த வெளி ஆளைக் கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள். தாமஸைக் காட்டியவர் வேட். சேபனைக் கொண்டுவந்தவர் மால் மூர். பிரையன்ட்டிடம் ஆடி, பிரையன்ட்டிடமே பல வருடம் உதவி கோச்சாக இருந்து, அப்போது விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்தவர்.

2006 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச் ராட்ரிகஸ் வர மறுத்துவிட்டார். தொழில்முறை டீமான மயாமி டால்ஃபின்ஸில் கோச்சாக இருந்த சேபனோ, நான் அலபாமா கோச்சாகப் போவதில்லை என்று டிசம்பர் 21-ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொன்னார். மூர் விமானத்தை எடுத்துக்கொண்டு மயாமிக்குப் போய் உட்கார்ந்தார், வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று. 2007 ஜனவரி 3-ஆம் தேதி சேபன் டஸ்கலூசாவில் வந்து இறங்கினார். எட்டு வருடம், 3.2 கோடி டாலர். அந்த ஏப்ரலில் டீம் தனக்குத் தானே ஆடும் பயிற்சி ஆட்டத்துக்கு 92,138 பேர் வந்து மைதானம் நிரம்பியது.

வம்சத்து ஆள் ஒருவர், வம்சம் போதாது என்று உணர்ந்து, வெளியே போய்த் தேடியது. அதுதான் திருப்பம்.

செம்பருத்தி

சேபனிடம் எனக்குப் பிடித்தது, ஸ்கோர் போர்டைப் பார்க்காதே என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. ஒரு ஆட்டத்துண்டு ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் உன் வேலையைச் செய், முடிந்ததும் மறந்துவிடு, அடுத்த ஏழு விநாடி. 1998-இல் அப்படித்தான் முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை அதன் ஊரிலேயே 28-24 என்று வீழ்த்தினார்கள்.

2018 ஜனவரி இறுதி ஆட்டத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். ஜார்ஜியாவிடம் 13-0 பின்தங்கல். இரண்டு வருடமாக ஜெயித்துக் கொடுத்த ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் உட்காரவைத்துவிட்டு, முதல் வருடப் பையன் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டுவா 16 கெஜம் பின்னால் சாய்க்கப்பட்டான். அடுத்த வீச்சு, டிவான்டா ஸ்மித் கையில், 41 கெஜம், டச்டவுன், 26-23. பின்னால் போன அந்த ஆட்டத்துண்டை அவன் மறந்ததால்தான் அடுத்தது வந்தது.

புதுவரவு

இவ்வளவையும் உட்கார்ந்து படித்தேன், ரொம்ப நன்றி. அப்படியானால் டிபோர் தேறுவாரா?

ஆபர்ன்பக்கம்

முதல் சீசன் 9-4. வேண்டர்பில்ட்டிடம் 40-35 தோல்வி, அதுவும் ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்த அடுத்த வாரமே. அதற்கு முன் வேண்டர்பில்ட்டிடம் அலபாமா கடைசியாகத் தோற்றது 1984-இல், பெர்கின்ஸின் இரண்டாவது சீசனில். அதையும் கணக்கில் வையுங்கள்.

ஹண்ட்ஸ்வில்காரன்

வைத்தேன். நான் பார்க்கும் வித்தியாசம் வேறு. வேட் தன் வாரிசுக்கு ஒரு சீசன் முழுக்க அவகாசம் கொடுத்தார். பிரையன்ட் விலகலை அறிவித்த நேரத்திலேயே பெர்கின்ஸ் பெயரும் வந்துவிட்டது. சேபன் புதன்கிழமை விலகினார், வெள்ளிக்கிழமை டிபோர் வந்துவிட்டார். இடைப்பட்ட நாளில் பையன்கள் வேறு கல்லூரிக்குத் தாவ முப்பது நாள் ஜன்னல் திறந்துகொண்டது, கேலப் டவுன்ஸ் போன்ற ஆட்டக்காரர் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். டென்னி சொன்ன அந்தத் தொண்ணூறு சதம் தாமஸ் கையில் அப்படியே ஒப்படைக்கப்பட்டது. டிபோர் அதை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களிடம் வாசலில் நின்று பேசித் தக்கவைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் ஒன்பது ஜெயித்தார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

நம்பிக்கைக்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது அண்ணே. பட்டம் வென்ற ஐவரும் முதல் பட்டத்தை எத்தனையாவது சீசனில் வாங்கினார்கள் என்று பார்த்தேன். வேட் மூன்றாவது சீசன். தாமஸ் நான்காவது. பிரையன்ட் நான்காவது. ஸ்டாலிங்ஸ் மூன்றாவது. சேபன் மூன்றாவது, அவருடைய முதல் சீசன் 7-6, அதில் லூசியானா மன்ரோவிடம் சொந்த ஊரில் தோல்வி. முதல் இரண்டு சீசனுக்குள் ஒருவரும் வாங்கவில்லை. டிபோரின் நான்காவது சீசன் 2027.

ஆபர்ன்பக்கம்

2027 வரை டஸ்கலூசா பொறுத்திருந்தால் நானே வந்து கை கொடுக்கிறேன். ஆனால் நவம்பர் கடைசி சனிக்கிழமை தவிர.